வந்தவர் இட்ட பெயர், வந்தவருக்கு இட்ட பெயர்

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் நின்று வண்டிகளின் நெற்றிப் பலகைகளைப் படித்தாலே இந்த வட்டாரத்தின் குடியேற்ற வரலாறு பாதி பிடிபட்டுவிடும். மேற்கே மலையடிவாரத்தை நோக்கிப் போகும் வண்டிகளில் வாசுதேவநல்லூர், சேர்ந்தமரம், வீரசிகாமணி என்று பழமை மாறாத பெயர்கள். வடக்கே போனால் கரிவலம்வந்தநல்லூர். கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம், கழுகுமலை என்று புறப்படும் சாலைகளில் இறங்கி உள்ளே நடந்தால் பட்டிகள் தொடங்கும். நாயக்கன்பட்டி, ரெட்டியபட்டி, புதுப்பட்டி என்று அவை கோவில்பட்டியையும் தாண்டி விளாத்திகுளம் வரை முடிவில்லாமல் போகும். இடையிடையே குளங்கள், குறிச்சிகள், செவல்கள். ஊர்ப்பெயர் மாறுகிற இடத்தில் மண்ணின் நிறமும் மாறுவதைப் பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்தவர் யாரும் கவனிக்கலாம்.

குடியேறியவர்கள் தாங்கள் போய்ச் சேர்ந்த நாட்டின் ஊர்ப்பெயர்களை என்ன செய்கிறார்கள் என்பது உலகெங்கும் கேட்கப்படும் கேள்வி. இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறவர்கள் அமெரிக்கா போன செக் மக்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், ஆஸ்திரியப் பேரரசுக்குக் கீழிருந்த பொஹீமியாவிலிருந்தும் மொராவியாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். ஒரு பிரிவினர் டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் இறங்கி உள்நாட்டுக்குப் போய்ப் பருத்தி நிலம் வாங்கினார்கள். அங்கே மல்பெரி என்று வழங்கிய ஊர் பிராகா ஆயிற்று. செக் மொழியில் அவர்களுடைய தலைநகரின் பெயர் அதுதான். பக்கத்தில் துபினா என்று ஓர் ஊர் உண்டு. ஓக் மரத்தோப்பு என்று பொருள். ஹோஸ்டின் என்ற ஊர் மொராவியாவின் புனித மலையொன்றின் பெயரைத் தாங்குகிறது. மினசோட்டாவில் நியூ பிராக், நெப்ராஸ்காவில் ஒரு பிராக், ஓக்லஹோமாவில் இன்னொரு பிராக். ஓக்லஹோமாக்காரர்கள் தங்கள் ஊரைப் 'பிரேக்' என்றுதான் உச்சரிக்கிறார்கள். பெயர் கடல் தாண்டி வந்து நாக்கு மாறிவிட்டது. சிகாகோவின் பில்சன் பகுதியில் செக் மக்கள் வாழ்ந்த தெருக்களில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் குடியமர்ந்தார்கள். பெயர் பில்சனாகவே நிற்கிறது.

பிறந்த ஊரின் பெயரைப் புது மண்ணில் நட்டுவைத்தார்கள் என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அதே எதிர்பார்ப்போடு கரிசல் காட்டுக்கு வருகிறவர் திகைத்துப்போவார்.

இங்கே வந்தவர்கள் பெரும்பாலும் தெலுங்கு பேசியவர்கள். 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தின் குமார கம்பணன் மதுரை மீது படையெடுத்து வந்தபோதே வரத்து தொடங்கியது. 1529 வாக்கில் விசுவநாத நாயக்கன் மதுரையில் அமர்ந்து, அரியநாத முதலியாரின் துணையோடு நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்ததாகச் சொல்லும் காலத்தில் அது பெருகியது. அதன் பிறகும் நிற்கவில்லை. கடப்பைப் பக்கத்துக் கண்டிகோட்டை 1652இல் மீர் ஜும்லாவிடம் வீழ்ந்தது. அதை ஆண்ட பெம்மசானி குடும்பத்தின் கிளையே குருவிகுளம் சமீனாக அமைந்தது. கம்மவார், ரெட்டியார், ராஜுக்கள், கம்பளத்தார் என்று ஒவ்வொரு கூட்டமும் தனித்தனிக் காரணத்தோடும் தனித்தனிக் கதையோடும் வந்தது. துரத்திவந்த படைக்கு அஞ்சி ஓடுகையில் ஆறு பெருக்கெடுத்து வழிமறித்ததையும், கரையோரப் புங்க மரங்கள் வளைந்து பாலமாகி வழிவிட்டதையும் தொட்டியர் எனப்படும் கம்பளத்தார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) இப்படிப்பட்ட ஒரு வருகையைத்தான் நாவலாக்கியது. காட்டைத் தீயிட்டு அழித்து நிலமாக்குகிற பகுதியை அந்நாவலில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தனை பேர் வந்தார்களே, இவர்கள் விட்டுவந்த ஊர்களின் பெயர்கள் எங்கே? தேடினால் அநேகமாக இல்லை. பெம்மசானிகளின் சமீன் குருவி-குளம். ராவில்லா குடும்பத்தின் சமீன் இளையரசன்-ஏந்தல். ஏந்தல் என்பது ஏரியைக் குறிக்கும் தமிழ்ச்சொல். கட்டபொம்மனின் முன்னோர் வடக்கிருந்து வந்தவர்கள். கோட்டை கட்டிய இடத்தின் பெயரோ பாஞ்சாலங்-குறிச்சி. குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்தூரைக் குறிக்க நெடுங்காலமாக வழங்கும் தமிழ்ச்சொல். எட்டப்பர்களின் தலைநகர் எட்டயபுரம். வீட்டுக்குள் தெலுங்கு பேசி, தெலுங்கில் தாலாட்டிய அரசக் குடும்பங்கள் தங்கள் தலைநகர்களைத் தமிழில் அழைத்திருக்கின்றன. பிராகா நட்டவர்களுக்கும் இவர்களுக்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டுக்குத்தான் விளக்கம் தேவைப்படுகிறது.

ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' 1946இல் வந்தது. ராசவல்லிபுரத்துக்காரரான அவர் நெல்லைச் சீமையின் பெயர்களை நிலம், அரசர், தெய்வம் என்று பிரித்து இனிக்க இனிக்கச் சொன்னார். ஆனால் குடியேற்றத்தைத் தனிக் கேள்வியாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றிலும், 1917இல் பேட் தொகுத்த மாவட்டக் கையேட்டிலும் பாளையங்களைப் பற்றி ஏராளமாக உண்டு. பட்டிகளைப் பற்றிக் குறைவு. இந்தக் கேள்விக்கு மிகவும் உதவியவர், ஊர்ப்பெயரை ஆராய வந்தவரே அல்லாத டேவிட் லட்டன். தென்னிந்திய உழவர் வரலாறு குறித்த 1985ஆம் ஆண்டு நூலில் திருநெல்வேலியை அவர் நீரை வைத்துப் பிரித்தார். தாமிரபரணி பாயும் நன்செய், குளத்தை நம்பிய இடைநிலம், மழையை மட்டுமே நம்பிய வடகிழக்குக் கரிசல். நன்செய்யில் வேளாளரும் பிராமணரும் நூற்றாண்டுகளாக நிலைத்திருந்தார்கள். குளத்து நிலத்தில் மறவர்கள் வலுவாக இருந்தார்கள். தெலுங்கு உழவர்களுக்கு எஞ்சிக் கிடந்தது கருமண்.

இந்த வரைபடத்தின் மேல் ஊர்ப்பெயர்களை வைத்துப் பாருங்கள். ஆற்றங்கரையில் அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், பிரம்மதேசம், சேரன்மகாதேவி. அரசனும் தெய்வமும் தானமும் அந்தப் பெயர்களில் இருக்கின்றன. குளத்து நிலத்திலும் செம்மண்ணிலும் நெற்கட்டும்செவல், தேவர்குளம், வன்னிக்கோனேந்தல். இங்கே நீரும் மண்ணும் பெயராகின்றன. புலித்தேவரின் நெற்கட்டும்செவல் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து ஊர். செவல் என்றால் செம்மண் நிலம் என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். அதற்குக் கிழக்கே கரிசல் தொடங்குகிறது, பட்டியும் தொடங்குகிறது.

ஓர் எச்சரிக்கை. பட்டி தெலுங்குச் சொல்லல்ல. ஆடுமாடு அடைக்கும் இடத்துக்கும், அதைச் சுற்றி எழும் சிற்றூருக்கும் தமிழில் நெடுங்காலமாக வழங்கும் பெயர் அது. பட்டிதொட்டி என்று இன்றும் சொல்கிறோம். கள்ளர் நாட்டின் நடுவே உசிலம்பட்டி இருக்கிறது. ஆகவே பட்டி என்று முடிந்தாலே தெலுங்கர் ஊர் என்று எழுதுகிறவர்களை நம்பக்கூடாது. புது நிலத்தில், ஆட்டுக்கிடையும் நாலு குடிசையுமாகத் தொடங்கும் ஊருக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. வந்தவர்களின் ஊர்கள் அந்தச் சொல்லுக்குள் குடிபுகுந்தன.

பின்னொட்டு தமிழ் என்றால் முன்னொட்டில் யார் இருக்கிறார்? பெரும்பாலும் ஓர் ஆளோ ஒரு குலமோ. போடிநாயக்கனூர், கண்டமநாயக்கனூர், அம்மையநாயக்கனூர், தொட்டப்பநாயக்கனூர். கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம். அங்கே பாளையம் என்ற ஒட்டு வாய்த்தது. தெற்கே பட்டியும் ஊரும். இவையெல்லாம் குடியேறியவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர்களா? இந்த ஆராய்ச்சி முழுவதிலும் சரியாகக் கேட்கப்படாத கேள்வி இதுவே என்று நினைக்கிறேன். ரெட்டியார்கள் மட்டுமே வாழும் ஊரில் இருப்பவர் தன் ஊரை ரெட்டியார்பட்டி என்று சொல்ல வேண்டிய தேவை என்ன? ஊருக்குள் எல்லாருமே ரெட்டியார்தான். அடுத்த ஊர்க்காரனுக்கும், வரி எழுத வந்த கணக்கப்பிள்ளைக்கும், சந்தைக்கு வழி சொல்கிறவனுக்கும்தான் அந்த அடையாளம் வேண்டியிருந்தது.

தேனி மாவட்டத்து வடுகபட்டி இதற்குத் தெளிவான சாட்சி. பூண்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். கவிஞர் வைரமுத்துவின் ஊர் என்றும் பலருக்குத் தெரியும். வடுகர் என்பது வடக்கே வேங்கட மலைக்கு அப்பாலிருப்பவர்களுக்குச் சங்க காலத் தமிழர் வைத்த பெயர். தன்னைத் தானே வடக்கத்தியான் என்று அழைத்துக்கொண்டு யாரும் ஊர் கட்டுவதில்லை. சாத்தூர்ப் பக்கத்துத் துலுக்கப்பட்டியும் அப்படித்தான். அண்டை வீட்டுக்காரன் கூப்பிட்ட பெயர் அது. ஆகவே கரிசலின் பட்டிப் பெயர்களில் பெரும்பகுதியை வந்தவர் இட்ட பெயர் என்பதைவிட வந்தவருக்கு இட்ட பெயர் என்று கொள்வதே பொருந்தும். தமிழ்க் கணக்கப்பிள்ளையின் ஓலையில் ஏறிய பெயர் நிலைத்தது. டெக்சாஸில் செக் குடியானவர்களே தங்கள் தேவாலயத்துக்கும் பள்ளிக்கும் பெயர் எழுதினார்கள். அஞ்சல் நிலையமும் ஒரு மாநிலத்துக்குள் ஒரே பெயர் இரண்டுமுறை வரக்கூடாது என்று கேட்டது. இங்கே அப்படிக் கேட்பார் இல்லை. அதனால்தான் புதுப்பட்டிக்கு மேல் புதுப்பட்டியாக முளைத்து, கடைசியில் ஆட்களுக்குப் போலவே ஊர்களுக்கும் முன்னெழுத்துப் போட வேண்டியதாயிற்று. வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டி இன்றும் டபிள்யூ. புதுப்பட்டி.

தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. சங்கரன்கோவிலிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்தில் ராஜபாளையம். ஆந்திரத்திலிருந்து வந்த ராஜுக்களின் ஊர். அவர்களே அதற்குப் பெயர். ஊருக்குள் சிங்கராஜாகோட்டை, சக்கராஜாகோட்டை, பழையபாளையம், புதுப்பாளையம் என்று பகுதிகள். ஒரு குடும்பம் வந்து இறங்கியதும், பெருகியதும், பிரிந்து பக்கத்தில் போய் அமர்ந்ததும் அந்தப் பகுதிப் பெயர்களிலேயே வரிசையாகத் தெரிகிறது. கூட்டமாக, ஆயுதத்தோடு, தலைவனோடு வந்து ஒரே இடத்தில் ஊன்றியவர்கள் அவர்கள். சிதறிப் போய்க் கருமண்ணில் தனித்தனிப் பட்டியாக அமர்ந்தவர்களுக்கு அது வாய்க்கவில்லை.

பிறந்த ஊரின் பெயரைக் கொண்டுவராதவர்கள் தெய்வத்தின் பெயரைக் கொண்டுவந்தார்களா என்று அடுத்துப் பார்க்கத் தோன்றும். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரம் இருக்கிறது. சிற்பங்களுக்காக உலகமே வந்து பார்க்கும் அந்தக் கோயில் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஊர்ப்பெயர் கிருஷ்ணப்ப நாயக்கனைச் சுட்டுகிறது, உள்ளே நிற்பவரோ வெங்கடாசலபதி. அரசன் பெயரும் வடமலையானும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறார்கள். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே திருவேங்கடம் என்றே ஒரு பேரூர் இருக்கிறது. தெலுங்கு பேசும் கிராமங்கள் சூழ, திருப்பதி மலையின் பெயரை முழுசாகச் சுமந்து நிற்கும் ஊர். பிராகாவுக்கு நம் பக்கத்தில் நெருங்கிய இணை சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்லத் தோன்றும். ஆனால் திருவேங்கடம் ஆழ்வார்கள் பாடிய தமிழ்ப் பெயர். தமிழ் வைணவனும் அதை வைக்கலாம். பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதினால் தேனியின் கம்பத்தையும் ஆந்திரத்துக் கம்பத்தையும், விளாத்திகுளம் பக்கத்து நாகலாபுரத்தையும் திருப்பதிப் பக்கத்து நாகலாபுரத்தையும் உடனே முடிச்சுப்போட வேண்டிவரும். கல்வெட்டோ செப்பேடோ இல்லாமல் போடும் அத்தகைய முடிச்சுகள் நிற்காது.

அப்படியானால் விட்டுவந்த ஊர்கள் அடியோடு மறந்துபோயினவா? இல்லை. அவை மண்ணில் நடப்படாமல் வீட்டுக்குள் வைக்கப்பட்டன. தெலுங்கர்களிடம் இண்டிபேரு என்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டுப்பெயர். அதில் ஏராளமானவை முன்னோர் வாழ்ந்த ஊரின் பெயரிலிருந்து பிறந்தவை. ஒரே இண்டிபேரு உள்ளவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. பெண் பார்க்கப் போனால் முதலில் கேட்பது இதைத்தான். ஐந்நூறு ஆண்டு, ஐந்நூறு மைல் தள்ளிக் கிடக்கும் ஒரு கிராமத்தின் பெயர், கரிசல் காட்டில் ஒரு திண்ணையில் சம்பந்தம் பேசும்போது இன்னும் உச்சரிக்கப்படுகிறது. செக் குடியேறிகள் ஊர்ப்பலகையில் எழுதியதை நம்மவர்கள் கல்யாணப் பேச்சில் காப்பாற்றினார்கள். வாழும் உறவுகளை ஒழுங்குசெய்யும் வேலையும் அதற்கு இருந்ததால், பலகையைவிட இது உறுதியான பெட்டகம் என்பேன்.

நீலகிரியில் நிலைமை வேறு. மைசூர்ப் பக்கத்திலிருந்து மலையேறிய படகர்களின் ஊர்களை ஹட்டி என்பார்கள். கன்னடத்தில் ஹட்டி, தமிழில் பட்டி. பிறப்பால் உடன்பிறந்த சொற்கள். மணிஹட்டி, பெம்பட்டி, பிக்கட்டி என்று சில பெயர்களில் ஹகரம் ஒலிக்கிறது, சிலவற்றில் தேய்ந்துவிட்டது. படகர் என்ற சொல்லே வடக்கத்தியர் என்று பொருள்படும். வடுகபட்டியின் கதை அங்கே ஒரு குலத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. மலைமேல் எழுதிவைக்கும் தமிழ்க் கணக்கப்பிள்ளை பக்கத்தில் இல்லாததால் அவர்களுடைய சொந்த ஒட்டு அதிக நாள் பிழைத்திருந்தது என்பது என் கணிப்பு.

நகரங்களில் குடியேறியவர்களுக்குத் தெருதான் மிஞ்சும். சென்னையில் சௌகார்பேட்டை வடநாட்டு வணிகர்களின் பெயர். ஆர்மீனியர் தெருவைச் சென்னைவாசிகள் தங்கள் காதுக்கு ஏற்ப அரண்மனைக்காரத் தெரு ஆக்கிவிட்டார்கள். அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை.

இனி நாம் குடியேறிகளாகப் போன இடங்களுக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து எத்தனை குடும்பங்கள் தூத்துக்குடி வழியாகவும் மண்டபம் வழியாகவும் இலங்கை மலையகம் போயிருக்கின்றன! 1820களில் கோப்பிக்காகத் தொடங்கிய அந்தப் பயணம் தேயிலைக் காலத்தில் பெருகியது. காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்கள் அவர்கள். கரிசலில் தெலுங்கர் செய்த அதே வேலை. ஆனால் மலையக வரைபடத்தில் தமிழர் ஊர்ப்பெயர் எத்தனை? தோட்டத்துக்குத் துரை தன் ஸ்காட்லாந்து ஊரின் பெயரை வைத்தான். பெரும்பாலான நகரங்களுக்குச் சிங்களப் பெயர் ஏற்கெனவே இருந்தது. தோட்டங்களுக்குத் தமக்குள் தனியாக ஒரு தமிழ்ப்பெயர் வழங்கினாலும், ஊர்களைப் பொறுத்தவரை தொழிலாளர்களால் செய்ய முடிந்தது, இருந்த பெயரைத் தங்கள் நாக்குக்கு வளைத்துக்கொள்வதுதான். ஹபுத்தலை அப்புத்தளை ஆயிற்று. பதுல்ல பதுளை. கந்தபொல கந்தப்பளை. ஹட்டன் அட்டன். சொல்லிப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஏதோ தென்பாண்டி ஊர்போல ஒலிக்கிறது. மண் சொந்தமாகாதவர்கள் ஒலியைச் சொந்தமாக்கினார்கள். 1948இல் குடியுரிமையும் பறிக்கப்பட்ட மக்கள் அவர்கள் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மொரீசியஸின் போர்ட் லூயிஸ் நகரில் 18ஆம் நூற்றாண்டில் போய்ச் சேர்ந்த தமிழ்க் கைவினைஞர்கள் வாழ்ந்த பகுதியைப் பிரெஞ்சுக்காரர்கள் மலபார்களின் முகாம் என்றார்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் தமிழ் முஸ்லிம்களைக் குறித்த சொல்லால் அமைந்த சூலியா தெரு. இரண்டும் பிறர் வைத்த பெயர்கள். வடுகபட்டியின் கடல்கடந்த உறவுகள்.

இத்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஊர்ப்பெயரைத் தீர்மானிப்பது பிறந்த ஊரின் மேலுள்ள பாசம் அல்ல. பாசம் எல்லாக் குடியேறிகளுக்கும் ஒரே அளவுதான். நிலம் யார் பெயரில் இருந்தது, அந்த நிலத்தை எந்த மொழியில் யார் எழுதிவைத்தார் என்ற இரண்டும்தான் தீர்மானித்தன. நிலமும் எழுதுகோலும் இரண்டும் கையிலிருந்த செக் மக்கள் பிராகா என்று எழுதினார்கள். நிலம் தங்களிடமும் எழுதுகோல் தமிழ்க் கணக்கனிடமும் இருந்த கரிசல் தெலுங்கர்களின் ஊர்கள் பட்டியாயின. இரண்டுமே இல்லாத மலையகத் தமிழர் உச்சரிப்போடு நின்றார்கள்.

அந்த எழுதுகோல் இப்போது அரசிடம் இருக்கிறது. 2020இல் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்ற ஆணை வந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2025 அக்டோபரில் குடியிருப்புகள், தெருக்கள், நீர்நிலைகளின் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கும் ஆணை வந்தது. இழிவுபடுத்தும் பெயர்கள் ஒரு நாளும் இருக்கக்கூடாது. அதில் எனக்கு மாற்றுக்கருத்தில்லை. ஆனால் நாயக்கன்பட்டியும் ரெட்டியபட்டியும் சாதிப் பெயராக இருக்கும் அதே வேளையில், ஒரு மக்கள் கூட்டம் எங்கிருந்து எங்கே வந்து எந்த மண்ணில் நின்றது என்பதற்கான ஆவணமாகவும் இருக்கின்றன. மாற்றுவதென்றால் மாற்றலாம், பழைய பெயரையும் அது வந்த கதையையும் ஊராட்சிப் பதிவேட்டில் எழுதிவைத்த பிறகு.

இதில் அரசைவிட விரைவாகச் செய்யக்கூடியவர்கள் நாம்தான். குருவிகுளம், திருவேங்கடம், இளையரசனேந்தல் பக்கத்துப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, வீட்டிலுள்ள அப்பத்தாவிடமும் அவ்வாவிடமும் கேட்டு எழுதிவரச் சொல்லலாம்: நம் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர் சொல்லும் பெயர் என்ன, நாம் வீட்டுக்குள் சொல்லும் பெயர் என்ன, நம் இண்டிபேரு என்ன, அது எந்த ஊரின் பெயர்? ஆசிரியர்களே, அதை அந்தப் பாட்டிகள் இருக்கும்போதே செய்யுங்கள்.